குடியை விட எந்தக் கூட்டம்? மட்டக்களப்பு, அம்பாறையில் இருப்பவருக்கு ஓர் ஒப்பீடு

ஒருவர் குடியை விடப்போவதாகச் சொல்லிவிட்டால் போதும், யோசனைகள் வந்து குவியும். மாமியார் நேர்த்தி வைக்கச் சொல்வார். கனடாவில் இருக்கும் தம்பி இணையக் கூட்டம் ஒன்றின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கிராம சேவையாளர் எங்கோ இருக்கும் புனர்வாழ்வு நிலையம் ஒன்றின் பெயரைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி, சோற்றில் கலந்து கொடுக்கும் மாத்திரை இருப்பதாக மனைவியின் காதில் ஓதுவார். எல்லோரும் நல்லதை நினைத்தே சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது, எது எவருக்குப் பொருந்தும், எதைத் தொடவே கூடாது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த மனிதர் அடுத்த கிழமையும் அங்கே போவாரா? வயல் வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் கிழமையிலும் போவாரா? முதல் நாள் கண்ணீர் விட்டுப் பேசவைக்கும் கூட்டத்தைவிட, ஐந்தாம் மாதத்தில் சலித்துக்கொண்டாவது போகக்கூடிய கூட்டமே எனக்கு மேலானதாகத் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தியசாலை

கூட்டங்களைப் பற்றிப் பேசுமுன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், நடுக்கம் நிற்க ஒரு மடக்கு வேண்டியிருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் வீட்டில் இருந்தபடி திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உடம்பில் பூச்சி ஊர்வதுபோல இருக்கும். காய்ச்சலும் அடிக்கும். இந்த நிலையில் வைத்தியம் கிடைக்காதவர் இறந்தும் போகலாம்.

எங்கள் பக்கத்தில் இது பேய்க்கோளாறு என்று எண்ணப்பட்டு, வைத்தியரிடம் போக வேண்டியவர் மந்திரிப்பவரிடம் கொண்டுபோகப்படுவதும் உண்டு. மந்திரிப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாட்டில் சேர்த்த பிறகு மந்திரிக்கலாம்.

வைத்தியசாலையில் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். நீண்ட காலக் குடியால் குறைந்துபோன தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, ஏற்றுவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரை அண்டியவர்களுக்குப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனைப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், உளநல கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டாலே போதும். தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாதவர், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிட்’ எனப்படும் 10 கேள்விகளுக்கு ஒளிக்காமல் விடை சொல்லிப் பார்க்கலாம். கூட்டுத்தொகை 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சோற்றில் கலக்கும் மாத்திரையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் அது டைசல்ஃபிராம். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவருக்கு அது உயிராபத்து. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுத்தால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் நஞ்சு வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நாள் உண்மை வெளிவரும்போது அந்த வீட்டில் மனைவி ஊற்றிக் கொடுக்கும் தேநீரையும் அவர் நம்பமாட்டார்.

கோயில் நேர்த்தியும் தேவாலயச் சத்தியமும்

இதைக் கேலி செய்கிறவர்கள் எங்கள் ஊரைப் புரிந்துகொள்ளாதவர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால், குடித்தே தீருவேன் என்றிருந்தவர்களும் திருவிழாவின் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை தொடமாட்டார்கள். கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் உகந்தையைக் கடந்து, குமண, யால காட்டுவழியே போகும் நாட்களெல்லாம் சுத்தமாக இருப்பார்கள். ஆயித்தியமலைச் சதா சகாய அன்னைக்கு முன்னால் சத்தியம் செய்து, அதை ஆண்டுக்கணக்காகக் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். நேர்த்திக்குச் செலவு இல்லை. வெட்கமும் இல்லை. ‘விரதம்’ என்று சொன்னால் கலியாண வீட்டில்கூட ஒருவரும் கிளாஸை நீட்டமாட்டார்கள். எங்கள் சமூகத்தில் குடியை மறுக்க மரியாதையான ஒரே காரணம் அதுதான்.

குறை இரண்டு. நேர்த்திக்கு முடிவுத் திகதி இருக்கிறது. குளிர்த்தி முடிந்த இரவே பழைய இடத்தில் பழைய கூட்டாளிகள் காத்திருப்பார்கள். அத்தனை நாளும் அடக்கி வைத்தவர் அன்று வழமையைவிடக் கூடுதலாகக் குடிப்பதும் நடக்கிறது. இரண்டாவது, மேலே சொன்ன ஆபத்து. கடுங்குடிகாரர் ஒருவர் காப்புக் கட்டிய அன்று திடீரென்று நிறுத்தினால் மூன்றாம் நாள் எங்கே நிற்பார்? பாதயாத்திரைக்காரர் என்றால் யால காட்டுக்குள் நிற்கலாம். அங்கே வலிப்பு வந்தால் அம்புலன்ஸ் வராது. ஆகவே நேர்த்தி வைக்கிறவர் முதலில் வைத்தியரிடம் போய் உடம்பைத் தெளிவாக்கிக்கொண்டு பிறகு காப்புக் கட்டட்டும். அம்மன் கோபிக்கமாட்டாள்.

போயா தினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுக்கடைகள் பூட்டியிருக்கும் நாளில் குடிக்காமல் இருந்ததை ஒரு வெற்றியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போயாவுக்கு முதல் நாள் மாலை ஒருவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு போத்தல் வாங்கி வைக்கிறாரா, கசிப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறாரா? ‘ஓடிட்’ கேள்விகள் சொல்லாததையும் அது சொல்லிவிடும்.

நேரில் கூடும் ஏ.ஏ. கூட்டம்

அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. குடியால் நொடிந்துபோன பங்குச்சந்தைக்காரர் ஒருவரும் அறுவைச் சிகிச்சை வைத்தியர் ஒருவரும் தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக் குடிக்காமல் இருந்ததுதான் அதன் தொடக்கம். இன்றும் கூட்டத்தில் நடப்பது அதுதான். சேர்வதற்குத் தேவையான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சந்தா இல்லை, பதிவுப் புத்தகம் இல்லை, முழுப்பெயர் கேட்கமாட்டார்கள். முதல் நாள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டுப் புத்தி சொல்வதில்லை. புத்தி கேட்டே வாழ்ந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் அந்தக் கடவுள் யார் என்பதை அவரவரிடமே விட்டிருக்கிறார்கள். முருகனை நினைப்பவர் முருகனை நினைக்கலாம். அல்லாஹ்வை நினைப்பவர் அவ்வாறே செய்யலாம். கடவுளே வேண்டாம் என்பவர் அந்தக் கூட்டத்தின் கூட்டுப் பலத்தையே தன்னைவிடப் பெரியதாக எடுத்துக்கொள்ளலாம். நாத்திகர் சிலருக்கு இது ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.யோடு இணைக்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஒரு வருடத்தின் பின் முற்றாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். பிற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். அதிசய மருந்து இல்லை. ஆனால் காசு வாங்காத ஒரு கூட்டம், காசு வாங்கும் சிகிச்சைகளோடு தோளோடு தோள் நிற்கிறது.

எங்களுக்குள்ள சிக்கல் தூரம். இலங்கையில் இக்கூட்டங்கள் கொழும்பையும் அதன் அயலையும் அண்டியே அதிகம். அங்கே போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். கிழமைதோறும் அது ஆகாத காரியம். கிழக்கில் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் ஆட்களைப் பொறுத்து மாறக்கூடியவை. ஆகவே பழைய துண்டுப் பிரசுரத்தை நம்பிப் புறப்படாமல், உளநலப் பிரிவிலோ, பங்குத் தந்தையிடமோ, போதகரிடமோ, பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ கேட்டு, கூட்டம் நடத்துபவரோடு தொலைபேசியில் பேசிய பிறகே பஸ் ஏறுங்கள். கேட்க வேண்டியவை: எந்த மொழியில் நடக்கிறது? குடிப்பவர்களுக்கு மட்டுமா, குடும்பத்தவரும் வரலாமா? எத்தனை மணிக்கு முடிகிறது? மூன்றாவது கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. வெல்லாவெளியிலோ மண்டூரிலோ இருப்பவருக்கு அதுதான் முதற்கேள்வி. கூட்டம் முடிவதற்கு முன் கடைசி பஸ் போய்விடும் என்றால், எத்தனை நல்ல கூட்டமானாலும் அவர் மூன்றாம் தடவை போகமாட்டார்.

அடுத்தது வெட்கம். கல்லடியில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் யாருடையது என்று களுவாஞ்சிக்குடியில் தெரிந்துவிடும் ஊர் எங்களுடையது. குடித்துவிட்டு வீதியில் விழுந்து கிடந்ததை முழு ஊரும் பார்த்திருக்கும். ஆனாலும் குடியை விடக் கூட்டத்துக்குப் போவதைத்தான் ஒளிக்க வேண்டியிருக்கிறது! இதற்கு என் யோசனை, பக்கத்துப் பட்டினம். கல்முனைக்காரருக்கு மட்டக்களப்பு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ‘என்ன தம்பி, ரவுனுக்கா?’ என்று கேட்பவருக்கு ‘ஆம் அண்ணன், ஓர் அலுவல்’ என்ற பதில் போதும். பொத்துவில்காரருக்கு இது சரிவராது. அவருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல்.

இணையக் கூட்டம்

தமிழ்நாட்டு ஏ.ஏ. குழுக்கள் தமிழிலேயே கூட்டம் நடத்துகின்றன. 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு ஸூமில் கூடுவதும் பரவலாகிவிட்டது. இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே என்பதால் இரவு எட்டு மணிக் கூட்டம் இங்கேயும் எட்டு மணிதான். இலண்டன், டொரன்டோ உறவினர்கள் அனுப்பும் இணைப்புகளில் கவனம் தேவை. குளிர்காலத்தில் இலண்டனில் மாலை ஏழு மணி என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. காலையில் வயலுக்குப் போகிறவர் எத்தனை இரவுக்கு விழித்திருப்பார்?

காத்தான்குடி, சம்மாந்துறை, நிந்தவூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் இருப்பவருக்கு இணையம்தான் முதல் வாசல் என்பது என் எண்ணம். மார்க்கம் முற்றாக விலக்கிய ஒன்றை அவர் செய்துகொண்டிருக்கிறார். மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை மறைத்தால், இவர் குடிக்கிறார் என்பதையே மறைத்து வாழ்கிறார். வைத்தியசாலை வரிசையில் நிற்பதுகூட அவருக்குப் பாரம். கமெராவை அணைத்து, வேறு பெயரில், மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடிகிற இடம் அவருக்கு மிகத் தேவை. குடிக்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். அவர்களைப் பற்றி ஊர் பேசுவதே இல்லை. பேசினால் தூற்றுவதற்கு மட்டுமே பேசும்.

ஏ.ஏ.யின் ஆன்மிகம் பிடிக்காதவருக்கு ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. குடிக்கத் தூண்டும் எண்ணத்தைப் பிடித்து ஆராய்வது, குடியின் இலாபநட்டத்தைத் தாளில் எழுதிப் பார்ப்பது போன்ற பயிற்சிகள் அதில் முதன்மை. ஆங்கிலம் சரளமாக இருந்தால் இணையத்தில் சேரலாம்.

இணையக் கூட்டத்தின் பலவீனம், அதிலிருந்து எழுந்து போவதும் சுலபம் என்பதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டம் முடிந்தது. படுவான்கரையில் சிக்னல் விழுந்தாலும் முடிந்தது. இரண்டறை வீட்டில் மனைவி, பிள்ளைகள் காதுபட மனம் திறந்து பேசவும் முடியாது. ஆகவே இணையத்தை மட்டும் நம்புகிறவர், அங்கே அறிமுகமாகும் ஒருவருடைய தொலைபேசி எண்ணையாவது வாங்கி வைத்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தொண்டை வறளும்போது அழைப்பதற்கு ஓர் ஆள் இல்லாவிட்டால், கூட்டம் வானொலி கேட்பதுபோல ஆகிவிடும்.

கிளினிக் குழுவும் திட்டக் கூட்டமும்

உளநலப் பிரிவில் சில வேளைகளில் குடியை நிறுத்தியவர்களையும் குடும்பத்தவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவார்கள். இதன் பெரிய பலம், மருந்தும் பேச்சும் ஓரிடத்தில் கிடைப்பது. கையில் கிளினிக் கொப்பி இருப்பதால் வீட்டில் காரணம் சொல்லவும் தேவையில்லை. குறை, அது வேலைநாளில் பகலில் நடப்பது. நாட்கூலிக்குப் போகும் மேசனுக்கு அது ஒரு நாள் சம்பளம். கிளினிக்கை மாதம் ஒன்றாகவும் வேறு ஒரு கூட்டத்தைக் கிழமை ஒன்றாகவும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

தொண்டு நிறுவனத் திட்டங்களின் கீழ் நடக்கும் குழுக்களைப் பற்றி எனக்கு ஓர் அவநம்பிக்கை உண்டு. 2004 கடல்கோளுக்குப் பின்னும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் எத்தனையோ குழுக்கள் எங்கள் கிராமங்களில் வட்டமாக உட்கார்ந்தன. நல்ல மனிதர்களே அவற்றை நடத்தினார்கள். நிதி முடிந்ததும் பாய் சுருட்டப்பட்டது. தன் கதையைச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நின்றார். வெளியாரிடம் காசு வாங்கக் கூடாது, உறுப்பினர் போடும் சில்லறையிலேயே நடக்க வேண்டும் என்று ஏ.ஏ. வைத்திருக்கும் விதியின் அருமை அப்போது புரிகிறது. திட்டக் குழு ஒன்று பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் போகலாம். ‘திட்டம் எப்போது முடிகிறது?’ என்று மட்டும் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தங்கியிருந்து சிகிச்சை

பலமுறை நிறுத்தி, பலமுறை விழுந்தவருக்கும் வீட்டுச் சூழலே குடியாக இருப்பவருக்கும் இது தேவைப்படலாம். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். அதன் சிகிச்சை நிலையங்கள் கிழக்குக்கு வெளியே இருப்பதால், தமிழில் ஆற்றுப்படுத்த ஆள் உண்டா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். தனியார் நிலையம் என்றால் வைத்தியர் வருகிறாரா, குடும்பத்தவர் பார்க்க முடியுமா, விரும்பினால் வெளியேறலாமா என்று கேளுங்கள். கட்டிப்போட்டுத் திருத்துவோம் என்கிற இடத்துக்கு ஒருவரையும் அனுப்பாதீர்கள். எவ்வளவு நல்ல நிலையமானாலும், திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி இதே ஊர்தான், இதே சந்திதான். வருவதற்கு முன்பே ஒரு கூட்டத்தைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவன் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் மனைவி தனக்கென்று ஒன்றுக்குப் போகலாம். குடிப்பவரின் குடும்பத்துக்காக 1951இல் அமெரிக்காவில் அல்-அனொன் என்ற தனி அமைப்பு உருவானது. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை, அவரை நிறுத்தவைப்பதும் உங்கள் கையில் இல்லை என்பது அங்கே முதலில் கேட்கும் பேச்சு. ‘நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?’ என்று மாமியாரிடமும் சில வேளை தன் தாயிடமும் கேட்டுக்கேட்டுக் களைத்த பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதுவும் இணையத்தில் கூடுகிறது. அடி, உதை, உயிர்ப்பயம் இருக்கும் வீட்டில் கூட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கான 1938 இலக்கத்தை அழையுங்கள். மனம் தாங்காத இரவுகளில், குடிப்பவரோ வீட்டாரோ, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.

ஒன்றும் இல்லாத ஊரில்

பொத்துவில், வாகரை, திருக்கோவில் போன்ற இடங்களில் இருப்பவர் மேலே சொன்ன எல்லாவற்றையும் படித்துவிட்டு, தனக்கு இணையத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கைவிரிக்கலாம். இரண்டு பேர் இருந்தால் ஒரு கூட்டம் தொடங்கலாம். அக்ரனில் தொடங்கியதும் இரண்டு பேர்தான். குடியை நிறுத்திச் சில காலமான ஒருவரை கிளினிக்கில் கேட்டால், அவருடைய சம்மதத்தோடு அறிமுகப்படுத்தி வைப்பார்கள். ஓர் இடமும் மாறாத நாளும் நேரமும் வேண்டும். யாருடைய வீடும் வேண்டாம், வீட்டுச் சண்டை கூட்டத்துக்குள் வந்துவிடும். பாடசாலை விட்ட பிறகு ஒரு வகுப்பறை, தேவாலய மண்டபத்தின் பின்னறை, பாலர் பாடசாலைக் கட்டடம், ஏதாவது ஒன்று போதும். குடித்துவிட்டு வருகிறவரைத் துரத்தாமல், அன்று பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். தேநீர்ச் செலவுக்கு ஒரு பேணி வையுங்கள்.

தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு வேண்டாம். எங்கள் ஊரில் எந்தச் சங்கமும் உடைவது அங்கேதான். பிரதேச சபை உறுப்பினரை அழைத்துத் திறப்பு விழா வைக்கவும் வேண்டாம். அவர் பொன்னாடையோடு நிற்கும் படம் அன்று மாலையே முகநூலில் வரும். படத்தின் பின்வரிசையில் தெரிகிற ஆள் மறுகிழமை வரமாட்டார்.